ஜேக்கப்புக்கு ஒரு பூசை

கோலார் தங்க வயலுக்குப் போகிறேன் என்றதும் பாளையங்கோட்டையில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்மார் கேலியைத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி வளையல் கேட்டாள். இன்னொருத்தி மூக்குத்திக்கு ஒரு பொட்டுத் தங்கம் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். ராஜ்யம் விட்டு ராஜ்யம் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. தங்கம் விளைகிற ஊரில் மண் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். போய் இறங்கியபின் அதைப் பார்க்க மட்டுமல்ல, தின்னவும் கிடைத்தது.

கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சும் தூளை ஊருக்கு நடுவே மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். சயனைட் மேடு என்று அதற்குப் பெயர். காற்றடித்தால் அந்தத் தூள் கிளம்பி, கொடியில் காயும் துணி, குடத்துத் தண்ணீர், தட்டில் இருக்கும் தோசை என்று எல்லாவற்றிலும் உட்காருகிறது. ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து சிரிக்காததற்கு இதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் நன்றாகவே சிரிக்கிறார்கள்.

இறங்கியதிலேயே ஒரு குளறுபடி. அந்தப் பக்கம் ரயில் நின்று நின்று போகிறது. ஊரிகம், சாம்பியன் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். எல்லாம் ஒரே ஊர்தானே என்று பெட்டியோடு முன்னாலேயே இறங்கிவிட்டேன். அப்புறம் ஒரு ஜட்காவைப் பிடித்து, ஆண்டர்சன்பேட்டைக்குப் போக வேண்டும் என்றேன். ஜட்காக்காரர் நெற்றியில் பட்டையாக விபூதி பூசியிருந்தார். குதிரையிடம் தெலுங்கிலும் எதிரே வந்த சைக்கிள்காரனிடம் கன்னடத்திலும் பேசிவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார்.

"ஆர்.சி. கோயிலாண்டயா, மிஷன் கோயிலாண்டயாம்மா?"

ஆர்.சி. கோயில் கத்தோலிக்கர்களுடையது. மிஷன் கோயில் என்றேன். கூடவே, கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றுதானே, நீங்கள் எதற்குப் பிரித்துக் கேட்கிறீர்கள் என்று ஒரு பெரிய மனுஷித்தனமான கேள்வியும் கேட்டுவைத்தேன்.

"ஒண்ணுன்னா இன்னாத்துக்கும்மா ரெண்டு கல்லற?" என்றார் அவர்.

நான் வந்திருந்த காரியத்துக்கும் அந்தக் கேள்விக்கும் இருந்த சம்பந்தம் அவருக்குத் தெரியாது. மேட்டில் குதிரை நின்றுவிட்டது. நானும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. தள்ளிய குலுக்கலில் பெட்டிக்குள் இருந்த கருப்பட்டியெல்லாம் தூள் தூளாகப் போயிற்று.

என் தங்கை கிரேஸ் அங்கே மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வேலைக்குப் போன இடத்தில் ஜேக்கப்பைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜேக்கப் எங்கள் சபைதான், புராட்டஸ்டண்ட். குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தது. சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற கும்பலுக்கு அவர் மேஸ்திரி. முந்தின வருஷம் செப்டம்பர் மாதம், பூமிக்குள்ளே பாறை வெடித்து இறந்துபோனார். அப்போது எனக்கு டைபாய்டு. வர முடியவில்லை. இப்போது முதல் வருஷ நினைவு நாள் வரப்போகிறது. அதை ஒட்டி ஒரு சிக்கல், நீ வந்தே ஆக வேண்டும் என்று கிரேஸ் எழுதியிருந்தாள்.

லைன் வீடுகள் என்றால் ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல். நான் உள்ளே நுழைந்து தண்ணீர் குடிப்பதற்குள் அலமாரியில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். கிரேஸ் அடுப்பை விட்டு நகரவில்லை. "ஒண்ணுமில்லக்கா, தூரத்துல பர்ஸ்ட்டு" என்றாள். ஆழத்தில் வெட்டிய இடத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இடி மேலே இடிக்கும். இங்கே காலுக்குக் கீழே இடிக்கிறது. லைன் முழுவதும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. ஆபத்துச் சைரன் ஊதவில்லை என்று தெரிந்ததும் அடுத்த வீட்டு ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடியது.

சாப்பாடு கேழ்வரகுக் களியும் கீரை மசியலும். களியைக் கடிக்கக் கூடாதாம், விழுங்க வேண்டுமாம். நான் கடித்தேன். பல்லில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் கிரேஸ் சிக்கலைச் சொல்லி முடித்தாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான் என்று பிறகு சொன்னாள்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்குப் பண்டிகை ஷிப்ட்டை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு ஆர்.சி.காரர்கள் எங்கள் ஆட்களின் ஷிப்ட்டைப் பார்ப்பார்கள். மாதா திருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் அவர்களுடையதைப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு பேரும் இறங்குவார்கள். கிறிஸ்துமஸுக்கு இந்துக்கள் இறங்குவார்கள். இதற்குக் கம்பெனியில் கையெழுத்து எதுவும் கிடையாது. மேஸ்திரியிடம் வாய்வார்த்தைதான். மாதா திருவிழா இரவு சவரிமுத்து என்கிற ஆர்.சி.காரருக்கு மாதாவின் தேரைத் தோளில் தூக்குகிற முறை. அவருடைய ராத்திரி ஷிப்ட்டுக்கு ஜேக்கப் இறங்கினார். விடிவதற்கு முன் பாறை வெடித்தது.

உடலை மேலே கொண்டுவர ரெண்டு மூணு நாள் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சவரிமுத்து திருவிழாச் சட்டையோடு, ஆழத்துக்கு இறங்கும் ஷாப்ட் குழி வாசலிலேயே நின்றிருக்கிறார். அதன்பிறகு அவர் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டில் கால் வைக்கவில்லை. மேலே மரக் கிடங்கில் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். இனிமேல் முடியாது, அடுத்த வாரம் கீழே இறங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. நினைவு நாளன்று ஆர்.சி. கோயிலில் ஜேக்கப்பின் ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும், ஷிப்ட் ஆட்கள் முன்னால் பெயரை வாசிக்க வேண்டும். அது நடந்துவிட்டால் தன்னால் கேஜில் ஏற முடியும் என்கிறார். ஜேக்கப்பின் மனைவி சம்மதித்தால்தான் பெயரை வாசிப்பேன் என்று அவர்களுடைய சாமியார் சொல்லிவிட்டார்.

"பூசைன்னா அவிய இன்னும் மோட்சத்துக்குப் போகலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆகும்?" என்றாள் கிரேஸ். "செத்த அன்னைக்கே ஆண்டவர்கிட்ட போயிட்டாவன்னு நினைச்சுத்தான் இந்த ஒரு வருஷம் எந்திரிச்சு நடமாடுதேன். அதையும் விட்டுட்டு நான் என்னக்கா செய்ய? இல்லைன்னு சொன்னா அந்த அண்ணன் பொழப்பு போயிரும்."

இருபது வருஷமாக வேதபாடம் நடத்துகிறவள் நான். மனிதன் இறந்தபின் மோட்சத்துக்கு முன்னால் பாவம் தீர வேதனைப்பட இடையில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது, உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்களுக்காக ஜெபித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன். நான் பேசிக்கொள்கிறேன் என்று தைரியமாகச் சொன்னேன். வாயில் களி இல்லாததால் சொல்ல முடிந்தது.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்க் கடைத்தெருவைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன பன்னும் கேக்கும் எங்கள் ஊரில் வடை கிடைக்கிற மாதிரி சாதாரணமாகக் கிடைக்கின்றன. தேங்காய் மட்டும் சுண்டைக்காய் சைஸ். அதைப் பார்த்துத் திருநெல்வேலிக்காரியாகப் பெருமைப்பட்டுக்கொண்டே எங்கள் சபைப் போதகரைப் பார்க்கப் போனேன். அவர் என் கட்சிதான். இன்றைக்குப் பூசை என்பார்கள், நாளைக்கு ஜெபமாலையைக் கையில் கொடுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார். அங்கிருந்து நேராக ஆர்.சி. சாமியாரிடம் போனேன். அதுவரை அவர்கள் கோயில் காம்பவுண்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை.

சாமியார் மங்களூர்க்காரர், இளவயது. புத்தகத்தில் படித்த தமிழ். பேசினால் அச்சில் வாசிக்கிற மாதிரியே இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாகத் தாக்கிக்கொண்டோம். இயேசுவோடு கூடச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்ததே, நடுவில் அவனை எங்கே நிறுத்தினார் என்று கேட்டேன். அந்தக் கள்ளனுக்குப் பக்கத்திலேயே ஆண்டவர் இருந்தார், நமக்கெல்லாம் அந்தப் பாக்கியம் கிடைக்குமா என்று அவர் கேட்டார். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது மக்கபேயர் ஆகமத்தில் இருக்கிறது என்றார். அது எங்கள் வேதத்தில் இல்லை என்றேன். எங்கள் வேதத்தில் இருக்கிறது என்றார். இந்த இடத்தில் நானூறு வருஷமாக எல்லாரும் நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம். சமையற்காரர் காபி கொண்டுவந்தார். நல்ல காபி, அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் நேராகக் கேட்டுவிட்டேன். என் தங்கை புருஷன் வேதனையில் கிடக்கிறார் என்று சொல்கிறீர்களா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லை அம்மா. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் என்றால், மனைவியே வந்து கேட்டாலும் ஒரு புராட்டஸ்டண்டின் பெயரைப் பூசையில் வாசிக்க முடியாது என்றும் சொன்னார். ரோமாபுரியில் பிஷப்புகள் கூடிப் பேசியபின்தான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறதாம். ஆனால் அந்தப் பெண்ணின் மனசை மீறி எதையும் செய்யமாட்டேன் என்றார். சண்டை போடப் போன இடத்தில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் என்ன செய்வது? எரிச்சலோடுதான் திரும்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சவரிமுத்து வந்தார். ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, தலையை அழுத்தி வாரிக்கொண்டு, கையில் அவர் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கிரேஸ் டீ போட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

நான் என் பாடத்தை நடத்தினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்.

"நீங்க படிச்சவங்க, பெரிய டீச்சர். எனக்கு சுரங்கந்தான் தெரியும். உள்ள கீறவன் தானா மேல வர முடியாது. மணி அடிக்கணும். மணி கேட்டாத்தான் மேல இஞ்சின்காரன் கேஜ இழுப்பான். பூசன்னா அந்த மணிதான்னு எங்கப்பா சொல்லுவாரு."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வகுப்பில் நல்ல கேள்வி வந்தால் வருமே, அந்த உற்சாகம். அந்த மணியை இயேசு சிலுவையிலேயே அடித்துவிட்டார், கேஜ் அப்போதே மேலே வந்துவிட்டது, இனி நீங்கள் எதற்காக அடிக்கிறீர்கள் என்றேன்.

அவர் தலையாட்டினார். "சரிதாங்க" என்றார். "ஆனா மணி அடிச்சாச்சின்னு எவனும் வூட்டுக்குப் போவமாட்டான் டீச்சர். கூட்டாளி மூஞ்சியப் பாக்குற வரைக்கும் ஷாப்ட்டாண்ட நின்னுக்கினுதான் இருப்போம். நான் இன்னும் பாக்கல."

நான் அடுத்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது தரை குலுங்கியது. முதல் நாள் மாதிரித் தூரத்தில் இல்லை. நேராகக் காலுக்கடியில். அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்து சுழன்றது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. சவரிமுத்து எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கிரேஸ் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மூச்சு விடாமல் சொன்னாள்:

"ஆண்டவரே, ஜேக்கப்ப மேல கொண்டாந்துரும். ஜேக்கப்ப பத்திரமா மேல கொண்டாந்துரும்."

தட்டு ஆடி ஆடி நின்றது. கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு பர்ஸ்ட்டுக்கும் அவள் சொல்லிவந்த ஜெபம் அது. அவர் உள்ளே கிடந்த அந்த நாட்களில் எத்தனை ஆயிரம் தடவை சொன்னாளோ. கண்ணைத் திறந்தபின்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. முகம் வெளிறிப்போயிற்று. இறந்து ஒரு வருஷமான மனிதனுக்காக, கூடாது என்று அவள் மறுத்த அதே ஜெபத்தை, சவரிமுத்துவின் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன். வாதத்தில் ஜெயிக்க இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன், கப்பென்று பிடித்திருப்பேன். இருபது வருஷப் பழக்கம். அவர் குனிந்து தட்டை எடுத்துத் துண்டால் துடைத்து அலமாரியில் வைத்தார். டீயில் தூசி விழுந்துவிட்டது, பரவாயில்லை என்று அதையும் குடித்தார். பிறகு கிரேஸைப் பார்க்காமலே, பூசை வேண்டாம், தான் கேட்டது தப்பு, இனிமேல் அதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வேலை என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பாத்துக்கலாம் டீச்சர் என்றார். சைரன் ஊதவில்லை. அடுத்த வீட்டு ரேடியோவும் அன்றைக்குப் பாடவில்லை.

அடுத்த நாள் மாதா திருவிழா. காலையிலிருந்து கிரேஸ் வேலையாகவே இருந்தாள். அரிசி களைந்தாள், துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். மத்தியானம் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, சாமியார்கிட்ட போய் பேரை வாசிக்கச் சொல்லிட்டு வா."

அப்படியானால் நீ நம்புவது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றாள். நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சாமியார் வெற்றிபெற்றவர் மாதிரிச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் தேர் எங்கள் லைன் வழியாக வந்தது. மெழுகுவர்த்தியும் பேண்டு வாத்தியமும் பூவும். தேர் தூக்குகிறவர்களில் சவரிமுத்துவைக் காணோம். ஓரமாக, கும்பலுக்குப் பின்னால், கைகட்டிக்கொண்டு நடந்துவந்தார். எங்கள் சபைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். கும்பிடவில்லை, உள்ளேயும் போகவில்லை. அவர்களில் இரண்டு பேர் வேடிக்கை பார்த்து முடித்ததும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்கள். இந்த வருஷமும் யாரோ தேர் தூக்குகிறவர்களுக்காகத்தான். அந்த வழக்கத்தை யாரும் நிறுத்தவில்லை.

காலையில் கிரேஸ் வெள்ளைச் சேலை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டாள். ஆர்.சி. கோயிலில் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தோம். பூசை என்றால் லத்தீனில் முணுமுணுப்பார்கள், ஒன்றும் விளங்காது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். தமிழுக்கு மாற்றிவிட்டார்கள். பாதிக்கு மேல் எங்கள் ஆராதனை மாதிரியே இருந்தது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர்கள் முழங்காலில் நின்றபோது கிரேஸ் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. சாமியார் தன் அச்சுத் தமிழில் ஜேக்கப் என்று வாசித்தார். முன் வரிசைகளில் ஷிப்ட் ஆட்கள் தலை குனிந்திருந்தார்கள். சவரிமுத்துவின் முதுகு மட்டும் ஆடியது.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். கிரேஸ் முக்காட்டை எடுக்காமல் நேரே சவரிமுத்துவிடம் போனாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் அழுது சிவந்த கண்ணோடு கையெடுத்துக் கும்பிட்டார். என் தங்கை எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஊர்க்காரியாகவே பேசினாள்.

"அவரு அன்னிக்கே மேல வந்துட்டாரு, அண்ணா. நீங்கதான் இன்னும் உள்ளயே கீறீங்க. இந்தப் பூச உங்களுக்குத்தான். போதும், மேல வாங்க."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். கூட நின்ற ஒருவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து துண்டை எடுத்தார். "மெய்யாவா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"மெய்யாதான்" என்றாள் கிரேஸ்.

நான் கிளம்பிய திங்கட்கிழமை பஸ் லேட். டிரைவர் டீ குடிக்கப் போனவர் வரவில்லை, கண்டக்டர் அவரைத் தேடப் போனவரும் வரவில்லை. மடியில் கிரேஸ் கட்டிக்கொடுத்த பன்னும் சவரிமுத்து வீட்டு முறுக்கும். டீச்சர்மாருக்கு வளையல் இல்லை. சேலை மடிப்பில் சயனைட் மேட்டுத் தூள் வேண்டுமானால் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுக்கலாம். பகல் ஷிப்ட்டுக்குச் சைரன் ஊதியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு சவரிமுத்து கேஜில் ஏறுகிற நேரம். பக்கத்து சீட்டு அம்மாள் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். நானும் கண்ணை மூடி, ஆண்டவரே, சவரிமுத்துவைப் பத்திரமாக மேலே கொண்டுவாரும் என்றேன். உயிரோடு இருப்பவருக்காக ஜெபிப்பதில் இரண்டு சபைக்கும் தகராறு கிடையாது. அந்தப் பெயருக்குப் பின்னாலேயே இன்னொரு பெயரும் என் வாயில் வந்தது. நான் அதை நிறுத்தவில்லை.